அமிலத்தை அடைக்க ஒரு வளையம்

போன செமஸ்டரில் எங்கள் குழு செய்த ப்ராஜெக்டில் ஒரு குட்டி பம்ப் இருந்தது. அசிட்டிக் அமிலத்தை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது அதன் வேலை. வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான், ஆனால் இது தண்ணீர் கலக்காத சரக்கு. பம்பின் ஓ-ரிங் கிழிந்துவிட்டது என்று கடைக்குப் போனோம். "அமிலமா? அப்போ வைட்டான் வாங்கிட்டுப் போங்க, எதுவும் ஒண்ணும் செய்யாது" என்றார் கடைக்காரர். சாதாரண ரிங்கைவிடப் பல மடங்கு விலை. நான்கு பேரும் காசு போட்டு வாங்கினோம். மூன்றாம் நாள் பம்ப் சுற்றவில்லை. பிரித்துப் பார்த்தால், அந்த விலையுயர்ந்த ரிங் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிப் போய் இருந்தது!

எங்களுக்குக் குழப்பம். இதே வைட்டான் அடர் கந்தக அமிலத்துக்கே அசையாது என்று அட்டவணையில் போட்டிருக்கிறது. கந்தக அமிலத்துக்கு முன்னால் அசிட்டிக் அமிலம் ஒரு கொசு. சிங்கத்தைத் தாங்கியது கொசுவுக்கு எப்படிப் பயந்தது? இந்தக் கேள்வியோடு நூலகத்தில் உட்கார்ந்ததுதான் இந்தக் கட்டுரையின் ஆரம்பம். பதில் கிடைத்துவிட்டது, கடைசியில் சொல்கிறேன். ஆனால் தேடப் போன இடத்தில் அதைவிடப் பெரிய கதை ஒன்று கிடைத்தது. மொக்கை போடாமல் அதற்கு வருகிறேன்.

முதலில் காலத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். 1746. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். ஜான் ரோபக் என்று ஒருவர். படித்தது மருத்துவம், ஆனால் மனசு முழுக்க ரசாயனத்தில். சாமுவேல் கார்பெட் என்ற வியாபாரியோடு கூட்டுச் சேர்ந்து கந்தக அமிலம் தயாரிக்க இறங்கினார். அதற்குப் பத்து வருடம் முன்பு ஜோஷுவா வார்ட் என்பவர் பெரிய பெரிய கண்ணாடிக் குடுவைகளில் கந்தகத்தையும் வெடியுப்பையும் எரித்து அதே அமிலத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை அமிலம் தொடாது. ஆனால் கண்ணாடியை எவ்வளவு பெரிதாக ஊத முடியும்? அதோடு உடையும் வேறு. ரோபக் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காரீயத் தகடுகளால் ஓர் அறையே கட்டிவிட்டார். 1749ல் ஸ்காட்லாந்தின் பிரஸ்டன்பான்ஸில் பெரிய தொழிற்சாலை வந்தது.

காரீயம் ஏன் கரையவில்லை? கரையத்தான் பார்த்தது. அமிலம் பட்டதும் மேற்பரப்பில் காரீய சல்பேட் என்ற மெல்லிய படலம் உருவாகும். அது அமிலத்தில் லேசில் கரையாது. அதாவது காரீயம் தானே தனக்கு ஒரு சட்டை தைத்துக்கொள்கிறது. இந்த "சட்டை" விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

தகடு சரி. தகடும் தகடும் சேரும் இடம்? அங்கேதான் அடைப்பானின் வரலாறு தொடங்குகிறது என்பது என் கட்சி. சாதாரணமாகத் தகடுகளைப் பற்றவைக்க வெள்ளீயம் கலந்த பற்றாசு பயன்படும். காரீயத்துக்கு இருக்கிற சட்டை வெள்ளீயத்துக்குக் கிடையாது. அமிலம் தகட்டை விட்டுவிட்டு இணைப்பைத் தின்றுவிடும். (நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அது இந்த வெள்ளீயம்தான். புளிக்கும் மோருக்கும் எதிராகப் பித்தளையைக் காப்பாற்றிய அதே உலோகம் கந்தக அமிலத்தின் முன் நிற்க முடியாமல் போனது!) தீர்வு, காரீயத்தைக் காரீயத்தாலேயே உருக்கி ஒட்டுவது. 1830களில் டெபாசென் டி ரிஷ்மோன் என்ற பிரெஞ்சுக்காரர் ஹைட்ரஜன் சுடரால் இதைச் சுலபமாகச் செய்ய வழி கண்டுபிடித்தார். அந்த ஹைட்ரஜனை எப்படித் தயாரித்தார்கள் தெரியுமா? துத்தநாகத்தின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றி. திருடனைப் பிடிக்கத் திருடனையே அனுப்பிய கதை.

இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடித்தது. அறையின் சுவர்கள் கீழே இருக்கும் காரீயத் தட்டோடு ஒட்டப்படவே இல்லை. மேலிருந்து தொங்கவிட்ட திரை மாதிரி இருக்கும் அந்தச் சுவரின் கீழ் விளிம்பு தட்டில் நிற்கும் அமிலத்துக்குள் மூழ்கியிருக்கும். உள்ளே இருக்கும் வாயு வெளியே வர முடியாது. அதாவது அமிலத்தொழிற்சாலையின் மிகப் பெரிய அடைப்பான் அந்த அமிலமேதான்! நூறு வருடத்துக்கும் மேல் ஐரோப்பாவின் கந்தக அமிலம் இந்த அறைகளில்தான் பிறந்தது. துணி வெளுக்கும் வேலையில் புளித்த மோரில் வாரக்கணக்கில் ஊறப்போடுவதற்குப் பதிலாக நீர்த்த கந்தக அமிலம் போதும் என்று 1756ல் எடின்பரோவின் ஃபிரான்சிஸ் ஹோம் எழுதினார். அதற்குப் பிறகு தேவை எகிறியது.

ஆனால் காரீய அறையில் கிடைத்த அமிலம் 60 முதல் 70 சதவீதம் வரைதான். அதற்கு மேல் கெட்டியாக்கிச் சூடாக்கினால் காரீயத்தின் சட்டையே கரைய ஆரம்பித்துவிடும். எனவே கண்ணாடி வாலை, பிளாட்டினப் பாத்திரம் என்று செலவு செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அமிலம் 93 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் சாதாரண இரும்பே போதும். நீர்த்த அமிலத்தில் இரும்பு ஆணியைப் போட்டால் பொங்கிக் கரையும், பள்ளியில் பார்த்திருப்பீர்கள். அதே இரும்பு அடர் அமிலத்தில் இரும்பு சல்பேட் சட்டை போட்டுக்கொண்டு சும்மா இருக்கும். இன்றைக்கும் நெடுஞ்சாலையில் அடர் கந்தக அமில லாரி போனால் அதன் தொட்டி பெரும்பாலும் எஃகுதான். ரப்பருக்கு இதுவே தலைகீழ். நீர்த்த அமிலத்தைச் சாதாரண ரப்பர் தாங்கும். அடர் அமிலம் அதிலிருந்து நீரை உறிஞ்சிக் கரியாக்கிவிடும்.

ஆக, "எவ்வளவு அமிலம்?" என்ற கேள்வியே அரைகுறைக் கேள்வி. பி.எச். என்ற அளவுகோலே 1909ல்தான் வந்தது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் என்ற வேதியியலர் கொண்டுவந்தார். (ஆமாம், பீர் கம்பெனியேதான்.) அது நீர்த்த கரைசல்களுக்கு அருமையான எண். 98 சதவீத அமிலத்தின் குணத்தை அந்த எண்ணிடம் கேட்டால் அது விழிக்கும்.

ரப்பர் பேச்சு வந்துவிட்டது. சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டது 1839ல், காப்புரிமை 1844ல். இது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் நைட்ரிக் அமிலத்தால் ரப்பரின் பிசுபிசுப்பைப் போக்கப் பார்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. மேல்தோல் மட்டும் பதமானது, உள்ளே பழைய பிசின்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் ரப்பர்ப் பாலை உறையவைப்பதே ஃபார்மிக் அமிலத்தால்தான். அமிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பிறவியிலேயே வந்தது போல!

சரி, நான் முதலில் சொன்ன பெரிய கதை.

நீராவி யுகத்தில் குழாய் இணைப்புகளுக்கு நடுவே வைக்க ரப்பர் போதவில்லை. சூடு தாங்காது. அப்போது வந்தது கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ். பாறையிலிருந்து பஞ்சு மாதிரிப் பிரியும் நார். ரப்பரோடு சேர்த்துத் தகடாக அழுத்தினால் கேஸ்கெட், கயிறாகத் திரித்தால் பம்பின் தண்டைச் சுற்றி அடைக்கும் கிளாண்ட் பேக்கிங். பெரும்பாலும் பயன்பட்டது வெள்ளைக் கல்நார். ஆனால் அதற்கு ஒரு பலவீனம். அதன் நார் ஒவ்வொன்றும் சிலிக்கா ஓர் அடுக்கு, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு ஓர் அடுக்கு என்று சேர்த்துச் சுருட்டிய பாய் மாதிரி. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு யார்? வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளை மருந்து. அமிலத்தைக் கண்டால் கரைந்து போவதே அதன் தொழில். எனவே அமிலக் குழாயில் வெள்ளைக் கல்நார் நிலைக்காது.

அமிலத்துக்கு வேறு கல்நார் வேண்டும். அது தென்னாப்பிரிக்காவின் வடக்குக் கேப் பகுதியில், பிரிஸ்கா ஊரைச் சுற்றிய மலைகளில் கிடைத்தது. நீலக் கல்நார். இரும்பும் சோடியமும் கலந்த வேறு அமைப்பு. அமிலம் அதைக் கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. அதை வெட்டியெடுக்க 1893ல் கேப் ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி உருவானது. அமிலத் தொழிற்சாலைகளில் பேக்கிங், கேஸ்கெட் என்றால் நீலம் என்று பல பத்தாண்டுகள் ஓடின. பொறியாளரின் கண்ணில் அது சரியான தேர்வு. அட்டவணையில் "அமிலம்: சிறப்பு" என்று டிக் போட்டுவிட்டுப் போகலாம்.

1960ல் பிரிட்டனின் ஒரு மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்த மூன்று மருத்துவர்கள்: வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும், அதுவரை மிக அரிது என்று நினைத்திருந்த மீசோதீலியோமா என்ற புற்றுநோய், 33 பேருக்கு. ஏறக்குறைய எல்லோருக்கும் அந்த நீல மலைகளோடு ஏதோ ஒரு தொடர்பு. சுரங்கத் தொழிலாளிகள் மட்டுமல்ல. சின்ன வயதில் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள், அவ்வளவுதான் செய்த தப்பு. தூசியைச் சுவாசித்து 30, 40 வருடம் கழித்து நோய்.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்த விஷயம் இது. நுரையீரலுக்குள் போகும் தூசியை விழுங்கிச் செரிப்பதற்கென்று நம் உடம்பில் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் இருக்கின்றன. அவை எதை வைத்துச் செரிக்கின்றன? அமிலத்தை வைத்து. செல்லுக்குள் ஒரு சின்னப் பை, அதற்குள் பி.எச். 5க்கும் கீழே. வெள்ளைக் கல்நாரை அந்தப் பை கொஞ்சம் கொஞ்சமாகவாவது அரித்து உடைத்துவிடுகிறது. நீலத்தை முடியவில்லை. தொழிற்சாலையில் அமிலத்தைத் தாங்கும் என்று தேர்ந்தெடுத்த அதே குணம்! குழாய்க்கு நல்லதாக இருந்ததும் மனிதனுக்குள் சாகாமல் கிடந்ததும் ஒன்றேதான். இதை வைத்து வெள்ளை நல்லது என்று யாரும் நினைக்க வேண்டாம், எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தருவது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் தீர்ப்பு. வேகத்தில்தான் வித்தியாசம். பிரிட்டனில் நீலத்தை 1985லும் வெள்ளையை 1999லும் தடை செய்தார்கள். 1960க்கும் 1985க்கும் நடுவே 25 வருடம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், எரிச்சல்தான் வந்தது.

கல்நாருக்கு மாற்று அதற்கு முன்பே பிறந்துவிட்டது என்பது இன்னும் எரிச்சல். 1938 ஏப்ரல் 6. அமெரிக்காவின் நியூஜெர்சியில் டூபான்ட் கம்பெனியின் ஆய்வகம். ராய் பிளங்கெட், வயது 27, குளிர்பதனப் பெட்டிக்கான வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். உதவியாளர் ஜேக் ரெபாக் சிலிண்டரைத் திறந்தார், வாயு வரவில்லை. எடை போட்டால் சிலிண்டர் காலியில்லை. நாமாக இருந்தால் வால்வு அடைத்துக்கொண்டது என்று ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்த சிலிண்டரை எடுத்திருப்போம். அவர்கள் அதை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே மெழுகு மாதிரி வழவழப்பான வெள்ளைத் தூள். எந்த அமிலத்தை ஊற்றினாலும் அசையவில்லை. அதுதான் டெஃப்லான்.

செய்வதற்கு ஏகப்பட்ட செலவு என்பதால் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. அதற்கு முதல் பெரிய வாடிக்கையாளர் அணுகுண்டு. (விண்வெளிப் பயணத்துக்காகக் கண்டுபிடித்தது என்று ஒரு மின்னஞ்சல் சுற்றுமே, அது கப்ஸா.) ஓக் ரிட்ஜில் 1943ல் கட்டத் தொடங்கிய கே-25 ஆலையில் யுரேனியத்தை வாயுவாக்கிப் பிரிக்க வேண்டும். அந்த வாயு யுரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடு. அது அமிலம் இல்லை. ஆனால் காற்றின் ஈரம் கொஞ்சம் பட்டாலே ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமாகவும் ஒரு திடப்பொருளாகவும் மாறும். அந்த அமிலம் ரோபக் தூக்கிப் போட்ட கண்ணாடியையே தின்னும். திடப்பொருளோ வடிகட்டிகளின் நுண்துளைகளை அடைத்துவிடும். சாதாரண எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது, அவற்றோடும் வினைபுரியும்.

இங்கே அடைப்பானின் வேலையே தலைகீழ். உள்ளே இருப்பது வெளியே வராமல் காப்பது பாதி வேலைதான், வெளிக்காற்று உள்ளே போகாமல் காப்பது மீதிப் பாதி. பம்புகளின் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும், ஈரக்காற்று உள்ளே போகக் கூடாது. பெரிய பம்ப் கம்பெனிகள் முடியாது என்று விலகின. கடைசியில் எலியட் கம்பெனியின் ஜட்சன் ஸ்வேரிங்கன் கொண்டுவந்த வடிவமைப்பு பலித்தது. குழாய்களின் உள்பக்கம் நிக்கல் பூச்சு. அதுவும் சட்டை போட்டுக்கொள்கிற உலோகம்தான், இந்த முறை நிக்கல் ஃப்ளூரைடு சட்டை. கேஸ்கெட்டுக்கும் வால்வுக்கும் டெஃப்லான். 1945 ஜனவரியில் வாயு உள்ளே போனது. ஆகஸ்டில் ஹிரோஷிமா. அதைப் பற்றி ஒரு கேஸ்கெட் கட்டுரையில் என்ன எழுதுவது, விட்டுவிடுகிறேன்.

போருக்குப் பின் டெஃப்லான் எங்கும் பரவியது. அதற்கும் குறை உண்டு: அழுத்தி வைத்தால் நாளடைவில் மெல்ல நழுவி ஓடும். போல்ட்டை இறுக்கிவிட்டுப் போனால் ஒரு மாதத்தில் தளர்ந்திருக்கும். எனவே கண்ணாடி நாரைக் கலந்து கெட்டிப்படுத்துகிறார்கள். அதை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்துக்குப் போட்டால் கண்ணாடியைத் தின்றுவிடும், அங்கே கார்பன் கலந்ததுதான். டெஃப்லானுக்கு ரப்பரின் துள்ளல் வேண்டும் என்று ஆசைப்பட்டதில் 1957ல் வைட்டான் வந்தது. 1970களில் கல்ரெஸ், கிட்டத்தட்ட எல்லா அமிலத்தையும் தாங்கும். ஒரு வளையத்தின் விலை கேட்டால் ரிங் என்றால் தங்க மோதிரமா என்று தோன்றும் :-)

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். டெஃப்லானைத் தயாரிக்கும்போது உதவிக்கு ஒரு சோப்பு மாதிரிப் பொருள் சேர்ப்பார்கள், சி-8 என்று பெயர். மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் ஆலையில் 1951 முதல் அதைப் பயன்படுத்தினார்கள். அது குடிநீரில் கலந்தது. எதோடும் வினைபுரியாத குடும்பம் அல்லவா, அது மண்ணிலும் மக்கவில்லை, ரத்தத்திலும் சிதையவில்லை. மாடுகள் செத்துக்கொண்டிருந்த ஒரு பண்ணைக்காரருக்காக ராபர்ட் பிலாட் என்ற வக்கீல் தொடங்கிய வழக்கு வளர்ந்து, 2012ல் ஓர் அறிவியல் குழு சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய் உட்பட ஆறு நோய்களோடு அதற்குத் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொன்னது. 2017ல் சுமார் 67 கோடி டாலருக்குச் சமரசம். சி-8ஐ அமெரிக்கக் கம்பெனிகள் கைவிட்டுவிட்டன. 2023ல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் இந்த ஃப்ளூரின் குடும்பம் முழுவதற்குமே கட்டுப்பாடு கேட்டு விண்ணப்பம் போட்டன. உடனே சீல் தயாரிப்பவர்கள் கேட்ட கேள்வி நியாயமானதுதான்: அப்போது அமிலக் குழாயில் எதை வைப்பது? அந்த வால்வு கசிந்தால் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் முகத்தில்தானே படும்? என்னிடம் பதில் இல்லை. ஆனால் நீலக் கல்நாருக்கும் இதே மாதிரி ஒரு அட்டவணையில் டிக் இருந்தது என்பது மட்டும் மண்டையில் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் ஓ-ரிங்குக்கு வருவோம். வைட்டானைக் கந்தக அமிலம் ரசாயனமாகத் தாக்கப் பார்க்கிறது, முடிவதில்லை. அசிட்டிக் அமிலம் தாக்கவே இல்லை. அது சின்ன மூலக்கூறு, பாதி அமிலம், பாதி கரைப்பான். ரப்பரின் இழைகளுக்கு நடுவே நைசாக நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது, ரிங் உப்புகிறது. பூட்டை உடைக்காமல் ஜன்னல் வழியாக வந்த திருடன். இதற்கு இ.பி.டி.எம். என்ற சாதாரணக் கருப்பு ரப்பர் போதும், கார் ரேடியேட்டர் ஹோஸ் செய்கிற சரக்கு. எண்ணெய் பட்டால் அது கெட்டுப் போகும் என்பது வேறு விஷயம், எங்கள் பம்பில் எண்ணெய் இல்லை.

திரும்ப அதே கடைக்குப் போய் வாங்கினோம். விலை முன்னே கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. "இது ஆசிட்டுக்கு ஆகாதே தம்பி" என்றார் கடைக்காரர். உப்பிய வைட்டானை எடுத்து மேஜையில் வைத்தேன். கையில் எடுத்து அழுத்திப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். "இது டூப்ளிகேட்டா இருக்கும்" என்றார்.